வெள்ளை இறகு வளையம்

ஏரிக்கரைப் பொட்டலில் வெயிலாள் என்ற ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை இட்டிருந்தாள். கூடு என்று பெருமையாகச் சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது. தரையில் ஒரு சின்னப் பள்ளம், சுற்றிலும் கூழாங்கல், அவ்வளவுதான்! முட்டையும் கல் நிறம். பக்கத்தில் போய் நின்றாலும் எது கல், எது முட்டை என்று தெரியாது.

ஆள்காட்டிக்கு வேறு என்ன இருக்கிறது சொல்லுங்கள்? பல்லா, கூரான நகமா? யாராவது வந்தால் கூட்டை விட்டு வெகுதூரம் ஓடிப்போய் நின்றுகொண்டு, குய்யோ முறையோ என்று கத்துவாள். வந்தவன் அங்கே தேடித் தேடி ஏமாந்து போவான்.

அப்படியும் போன தடவை இட்டதெல்லாம் போய்விட்டது. அந்தக் கரையில் ஒரு நரி இருந்தான், பொல்லாதவன். குருட்டாம்போக்கில் அலைந்தவன் காலில் கூடு தட்டுப்பட, அத்தனையையும் தின்று தீர்த்துவிட்டான். இந்த நாலு முட்டையாவது பொரிய வேண்டுமே என்று வெயிலாளுக்கு ராப்பகல் அதே நினைப்பு.

குளிர்காலத்தில் அந்த ஏரிக்குப் பனிமலை தாண்டி வாத்துகள் வரும். கடல் தாண்டிப் பூநாரைகள் வரும். எல்லாரும் ஏரியின் நடுத்திட்டில் கூடுவார்கள். பல தேசப் பறவைகள் சபை என்று அதற்குப் பேர். ‘பிறந்த குஞ்சுக்கும் பிறக்கப்போகும் குஞ்சுக்கும் உயிர்வாழ உரிமை உண்டு’ என்பது அவர்கள் சட்டம். நல்ல சட்டம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வெயிலாள் அங்கே போய் அழுதாள். “ஐயா, என் குலத்தையே அழிக்கிறான் அந்த நரி! நீங்கதான் கேக்கணும்!”

சபைத் தலைவர் ஒரு கிழ வாத்து. அவருக்கு மனசு இளகியது. பூநாரைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டன. பொய் அழுகை இல்லை, நிஜமாகவே அழுதன.

“கூப்பிடு அந்த நரியை!” என்றார் வாத்து.

நரி வந்து கரையோரமாகக் கைகட்டி நின்றான். “பெரியவங்க சொன்னா சரி. தங்கச்சி கூட்டுப் பக்கம் நான் காலே வைக்க மாட்டேன். ஆனா ஒண்ணு! கூடு எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தானே நான் ஒதுங்கிப் போக முடியும்? தெரியாம மிதிச்சுட்டா என் மேல பழி வருமே!”

“நியாயமான பேச்சு!” என்றது சபை.

“அம்மா, கூடு இருக்கும் இடத்தைக் காட்டு. சுற்றி அடையாளம் வைக்கிறோம். அதற்குள் யாரும் நுழையக் கூடாது என்று தீர்மானம் போடுகிறோம்” என்றார் வாத்து.

வெயிலாளின் புருஷன் மாசானம் இறக்கையை அடித்துக்கொண்டு பதறினான். “ஏ புள்ள, காட்டிராதே! நம்ம சாதிசனத்துல எவளாவது கூட்டைக் காட்டியிருக்காளா?”

“காட்டாம மட்டும் என்ன மிஞ்சிச்சு மாமா? இத்தனை பெரியவங்க சொல்றாங்க. நம்மளை விட்டுருவாங்களா?”

காட்டிவிட்டாள், பாவம்!

பூநாரைகள் வலிக்க வலிக்கத் தங்கள் இறகைப் பிடுங்கி, கூட்டைச் சுற்றி நட்டன. கறுத்த பொட்டலில் பளீரென்று ஒரு வெள்ளை வளையம். ஏரியின் மறுகரையிலிருந்து பார்த்தாலும் தெரிந்தது.

நரி தினமும் வந்தான். வளையத்துக்கு வெளியே நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான். வெயிலாளுக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தீங்களா மாமா?” என்று புருஷனைச் சீண்டினாள். பயமில்லாமல் அடைகாப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

பங்குனி வெயில் ஏறியது. ஒரு காலை, திட்டில் ஒரே இறக்கைச் சத்தம். வெயிலாள் பறந்தடித்துக்கொண்டு போனாள்.

“ஐயா! எங்க கிளம்பிட்டீங்க?”

“அங்கே பனி உருகிவிட்டது அம்மா. நாங்கள் போகாவிட்டால் எங்கள் வம்சம் என்ன ஆகும்?”

“என் முட்டை இன்னும் பொரியலையே! நரி வந்தா யாரு கேப்பா?”

“தீர்மானம் இருக்கிறதே! அது எங்களோடு பறந்து வராது. இங்கேயேதான் இருக்கும். தைரியமாக இரு!”

வானம் கறுக்கப் பறந்து போய்விட்டார்கள்.

வெயிலாளும் மாசானமும் ஓடோடி வந்து இறகுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். எறிந்து என்ன செய்ய? தினமும் வந்து பார்த்தவனுக்கு இடம் மனப்பாடமாகியிருந்தது. முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட அவர்களுக்குக் கையா இருக்கிறது?

நட்ட நடுப்பகலில் நரி வந்தான். பதுங்கக்கூட இல்லை. வெயிலாள் தூரத்தில் போய் விழுந்து, இறக்கை ஒடிந்த மாதிரி புரண்டு புரண்டு கத்தினாள். “ஐயோ, என்னைப் பிடி! என்னைத் தின்னுக்கோ!”

நரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எதுக்கு தங்கச்சி வீணா தொண்டையைக் கிழிச்சுக்கிறே? எனக்குத்தான் வழி தெரியுமே!” என்று நேராகக் கூட்டுக்கு நடந்தான்.

நாலும் போயின. ஒன்றில் குஞ்சு அசையத் தொடங்கியிருந்தது. அதை அவள் காதால் கேட்டிருந்தாள்.

அடுத்த குளிர்காலம் சபை கூடியது. வெயிலாள் போய் நடந்ததைச் சொன்னாள். எல்லாரும் தலைகுனிந்து நின்றார்கள். பூநாரைகள் மறுபடியும் அழுதன. பிறகு வாத்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மிகவும் வருந்துகிறோம் அம்மா. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாங்கள் இங்கே இருந்தவரை அந்த வளையத்துக்குள்ளிருந்து ஒரு முட்டைகூடக் காணாமல் போகவில்லை! நல்ல ஏற்பாடு என்றுதானே அர்த்தம்? ஆகவே இந்த வருஷம் கரையிலுள்ள எல்லா ஆள்காட்டிக் கூடுகளுக்கும் வளையம் போடுகிறோம்!”

சபை இறக்கை தட்டியது. கரையில் நரியும் சேர்ந்து தட்டினான்.

“வேண்டாம்! யாரும் காட்டாதீங்க! காட்டாதீங்கடி!” என்று வெயிலாள் அலறினாள். அந்த ஆரவாரத்தில் யார் காதிலும் விழவில்லை. முட்டையிட்ட தாய்கள் ஒவ்வொருத்தியாக முன்னால் வந்து, நம்பிக்கையோடு தங்கள் கூட்டைக் காட்டத் தொடங்கினார்கள்.

கடைசிவரை கூட நின்று காக்க முடியாதவர்கள், ஒளிந்து பிழைக்கிறவர்களை வெளியே வரச் சொல்லக் கூடாது.