வளையத் தூளி

பூவராகன் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஆசிரமத்தில் எல்லாருக்கும் வியப்பு. கிழிந்த வேட்டியைக்கூடத் தைக்கச் சொல்லி அடுத்தவரிடம் நீட்டுகிற மனிதர் அவர்.

குரு மரகதம்மை வந்து நின்றாள். வயதில் அவரைவிடச் சிறியவள்.

"என்ன தைக்கிறீங்க, ஐயா?"

"தூளி, அம்மா. தோள்ல மாட்டிக்கிறது. ஒரு முனையில ரெண்டு பித்தளை வளையம். மறுமுனையை அதுக்குள்ள விட்டு இழுத்தா இறுகிக்கும். பிள்ளை நெஞ்சோட ஒட்டிக் கிடக்கும்."

"யாருக்கு?"

"நாளைக்கு என் மக செண்பகம் வர்றா. பேரனோட."

செண்பகம் தவழத் தொடங்கும் முன்பே வீட்டைவிட்டு வந்தவர் பூவராகன். ஞானம் தேடி. அதன்பிறகு அவள் அவரைப் பார்க்க வருவது இதுதான் முதல் தடவை.

"அவ கண்ணு முன்னால பேரனை நான் ஒரு தடவை சுமக்கணும். சுமந்தா அவ மனசு ஆறுமா, அம்மா?"

மரகதம்மை அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க கிளம்பினப்போ அவ அழுதாளா?"

"இல்லை. தூங்கிட்டிருந்தா. அழுதிருந்தா ஒருவேளை நின்னிருப்பேன்."

அவள் தூளியின் தோள் மடிப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"யார் தோளுக்கு அளவு?"

"என் தோளுக்குத்தான்."

மரகதம்மை சமையற்கட்டுக்குள் போய் அம்மிக் குழவியைக் கழுவி எடுத்துவந்தாள். அதற்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்திருந்தாள்.

"பிள்ளையைத் தொட்டில்ல போடறதுக்கு முன்னால குழவியைத்தானே போடுவாங்க? உங்க தூளிக்கும் அப்படியே செய்வோம். சாயங்காலம் வரைக்கும் சுமங்க."

பூவராகன் சுமந்தார். தூளியில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அவருக்கு உள்ளூரப் பெருமை.

குழவியைத் தேடிக்கொண்டு வந்த சமையல்கார சொக்கம்மாள் அவரைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"துவையலுக்கு நான் எங்கே போறது? நல்லா இருக்கு கூத்து! அப்பாவா இருந்து பார்க்காமலே தாத்தா ஆயிட்டாரு. இப்பத்தான் முதல் பாடமோ?"

காதில் விழாததுபோல் பூவராகன் நடந்தார். முகம் மட்டும் எரிந்தது.

உச்சிப்பொழுதில் தோள் விண்ணென்று வலித்தது. அந்த நேரம் பார்த்துத் தியானத்துக்கு மணி அடித்தது.

சாயங்காலம் மரகதம்மை வந்தபோது தூளி அழகாக மடித்து அவர் கையில் இருந்தது.

"ஒரு தையல் பிரியலை, அம்மா! பாருங்க."

"கல் எங்கே?"

"புங்கமரத்தடியில. மேல கனம் இருந்தா தியானத்துல மனசு நிக்கலை. இறக்கி வெச்சேன்."

"எழுந்தப்போ எடுத்துக்கலையா?"

"மறந்துட்டேன்." பூவராகன் சிரிக்கப் பார்த்தார். "கல்லுதானே, அம்மா. அழவா போகுது?"

மரகதம்மை சிரிக்கவில்லை.

"அன்னைக்கு உங்க மகளும் அழலைன்னுதான் சொன்னீங்க."

பூவராகன் கையிலிருந்த தூளியைப் பார்த்தார். கொடியில் கிடந்த துணிகளை யாரோ உதறி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ இதை அவளுக்குக் கொடுக்க வேண்டாமா?"

"கொடுங்க. நல்ல தையல், கெட்டியா இருக்கு. தோள் மடிப்பை மட்டும் பிரிச்சு அவ அளவுக்குத் தைச்சுக் கொடுங்க."

"அவ தோளளவு எனக்குத் தெரியாதே."

"கேளுங்க. தோளளவை மட்டும் கேளுங்க, ஐயா. பிள்ளையைத் தூக்கிக்கக் கொடுன்னு கேக்காதீங்க."

பூவராகன் ஊசியைத் தேடி எடுத்தார். காலையிலிருந்து ஒரு நூலும் அசையாத மடிப்பு, ஊசியால் நூல்முனையைத் தூக்கி இழுத்ததும் சரசரவென்று பிரிந்து வந்தது.

"அப்போ நான் சுமக்கறதுக்கு, அம்மா?"

வாசல்வரை போய்விட்ட மரகதம்மை திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுது மரத்தடியிலேயே கிடக்குது."