ஆவுடைநாயகம் நினைவாக

அன்று மணல்முனையில் இருந்தவர்கள் மூன்று பேர். மடத்துத் தலைவர் அருளம்பல சுவாமி, அவருடைய சீடர் கோமதிநாயகம், மடத்தில் சமைக்கும் பேச்சியம்மாள். கடற்காகங்கள் ஒன்பது. வேறு யாரும் இல்லை.

சுவாமிக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபத்து மூன்று. அதனால் சுவாமி அவரைப் பெரியவரே என்றுதான் கூப்பிடுவார்.

கோமதிநாயகத்தின் தகப்பனார் ஆவுடைநாயகம் இறந்து அந்தப் பங்குனியோடு ஓராண்டு. முதல் திதி. கோமதிநாயகம் கடலில் முழுகி எழுந்து, ஈர வேட்டியோடு வாழையிலையில் மூன்று பிண்டம் வைத்தார். தகப்பனாருக்கு ஒன்று, பாட்டனாருக்கு ஒன்று, பூட்டனாருக்கு ஒன்று.

அந்த முனையில் மரம் கிடையாது. மரம் இல்லாததால் காகம் வராது. கடற்காகம் வந்து எடுத்தால் முன்னோர் எடுத்துக்கொண்டார்கள் என்பது அங்குள்ள வழக்கம். இலையை வைத்துக் கையை எடுப்பதற்குள் பாய்ந்து வருகிற பறவைகள் அவை.

அன்று ஒன்பதும் தள்ளியே நின்றன. காற்று வரும் பக்கம் முகம் வைத்து நிற்பதுதான் அவற்றின் பழக்கம். அன்று இலையின் பக்கம் முகம் வைத்து நின்றன. ஒன்றும் கத்தவில்லை.

வெகுநேரம் கழித்து ஒன்று மட்டும் நடந்து வந்தது. நடக்கும்போது அதனிடமிருந்து சரசரவென்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ மடியில் சருகைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல. கோமதிநாயகம் சுற்றிலும் பார்த்தார். சருகு எதுவும் இல்லை.

பறவை இலைக்கு முன்னால் வந்து நின்றது. இறகுக்குள்ளிருந்து மார்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தகப்பனாரின் பிண்டத்துக்கு நேராகக் குனிந்து அலகைத் திறந்தது. சோற்றை எடுக்கவில்லை. திறந்த அலகோடு அவரை நிமிர்ந்து பார்த்தது.

அவர் வேண்டிக்கொள்ளத் தொடங்கினார். தம்பியோடு இனி வழக்கு இல்லை என்றார். கிணற்றடி நிலத்தை அவனுக்கே விட்டுவிடுவதாகச் சொன்னார். பறவை அசையவில்லை. வருகிற தை அமாவாசைக்கு இந்தத் தடவைபோல முந்நூறு இல்லை, அறுநூறு பாக்கெட் கொடுப்பதாகச் சொன்னார்.

தை அமாவாசைக்கு அங்கே முழுக வந்தவர்களுக்கு அவர் ஒரு தர்மம் செய்திருந்தார். எள்ளும் பச்சரிசியும் போட்ட, இரண்டு விரல் அகலப் பிளாஸ்டிக் பாக்கெட். ஆளுக்கு ஒன்று. ஈரம் பட்டுவிடக் கூடாது என்று நான்கு பக்கமும் ஒட்டி, மேலே சிவப்பு எழுத்தில் ‘அமரர் ஆவுடைநாயகம் நினைவாக’ என்று அச்சடித்திருந்தார். சிலர் அவசரத்தில் பிரிக்காமலே கடலில் விட்டார்கள். பிரித்தவர்களும் உறையைக் கடலில்தான் விட்டார்கள். பிதிர் காரியத்துக்கு வந்த பொருளை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாதல்லவா.

பேச்சியம்மாளுக்கு நின்று நின்று கால் வலித்தது.

“அண்ணாச்சி, ஒங்க அப்பா ஒருக்க மடத்துல சாப்பிட்டப்பவே, சோறு கொழஞ்சிட்டுன்னு சொன்னவுக. இப்பமும் அதான் போல” என்றாள்.

கோமதிநாயகம் சிரிக்கவில்லை. பறவை கால்களை மடக்கி உட்கார்ந்தது. பிறகு அதன் தலை இலையின் ஓரத்தில் சாய்ந்தது. அலகு மூடவே இல்லை.

மற்ற எட்டும் பார்த்துக்கொண்டு நின்றன.

“அப்பா என்னை ஏற்கவில்லை. பசியோடு வந்தார். என் கையால் சாப்பிட மனமில்லாமல் போய்விட்டார். நான் செய்த குற்றம் என்ன சாமி?”

சுவாமி பேச்சியம்மாளிடம் கத்தியைக் கேட்டார்.

“பிண்டத்துக்கு இலை நறுக்குன கத்தி, சாமி.”

“தெரியும். கொடு.”

அவள் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள்.

சுவாமி பறவையை மல்லாக்கக் கிடத்திக் கீறினார். ரத்தம் அதிகம் வரவில்லை. இரைப்பை பஞ்சு திணித்த தலையணைபோல் விறைத்திருந்தது. உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து, செம்புத் தண்ணீரில் அலசி, இலையில் பிண்டங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். வலை நூல் ஒரு சுருள். ஒரு குப்பி மூடி. பிறகு கசங்கிய உறைகள். அவற்றை விரலால் நீவி விரித்தார். மூன்றிலும் சிவப்பு எழுத்து வெளுக்காமல் இருந்தது. நான்காவது பிரிக்கப்படவே இல்லை. சுவாமி அதைக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே எள் ஈரம் படாமலே இருந்தது. சரசரவென்றது.

கோமதிநாயகம் தகப்பனாரின் பெயரை நான்கு தடவை வாசித்தார்.

“இதற்குப் பசி இருந்ததா, சாமி?”

“சாகும்வரை இருந்தது.”

“பின்னே ஏன் என் சோற்றை எடுக்கவில்லை?”

“நீங்கள் தையில் கொடுத்ததை எடுத்துக்கொண்டது.”

கோமதிநாயகம் மணலில் உட்கார்ந்துவிட்டார். அப்போது அந்த எட்டுப் பறவைகளும் இலையை நோக்கி நடக்கத் தொடங்கின. மறுபடியும் அந்தச் சத்தம். இப்போது அது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை.

“போயிருவோம் சாமி” என்றாள் பேச்சியம்மாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

பறவைகள் இலைக்கு நாலடி தூரத்தில் நின்றன. சோற்றைப் பார்த்தன. அலகுகளைத் திறந்தன. ஒன்றும் எடுக்கவில்லை.

கோமதிநாயகம் கைகூப்பிப் பரிகாரம் கேட்டார். காசியானாலும் போகிறேன் என்றார். எந்தக் கோயிலில் என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன் என்றார். இந்தப் பெயரில் ஒட்டிய பாவம் போனால் போதும் என்றார்.

சுவாமி இலையிலிருந்து நான்கு உறைகளையும் எடுத்து அவருடைய ஈரக் கையில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

“தையில் எத்தனை கொடுத்தீர்கள், பெரியவரே?”

“முந்நூறு, சாமி.”

சுவாமி கடலின் பக்கம் திரும்பினார்.

“மீதி இருநூற்றுத் தொண்ணூற்றாறு.”