ஆணையர் நீலவேணி சொன்ன ‘ஆகட்டும்’

ஆயிரமடு ஏரியைச் சுற்றி விலங்குகளின் மாநகரம் ஒன்று இருந்தது. கிளைகளில் பறவைகளின் தெருக்கள். மரத்தடியில் மான்களின் தெருக்கள். கரையோரப் பள்ளத்தில், மண்ணுக்குள்ளே, முயல்களின் வளைகள். காலையில் ஏரியிலிருந்து மூடுபனி எழுந்து ஊரைப் போர்த்தும்போது, நகரமே தண்ணீரின் மேல் மெல்ல மிதந்து போவதுபோல இருக்கும்.

அந்த நகரத்தின் ஆணையர், நீலவேணி என்ற நீர்நாய்.

அவள் ஒரே நாளில் ஆணையர் ஆகிவிடவில்லை. முதலில் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அள்ளினாள். ஐந்து மழைக்காலம் அள்ளினாள். பிறகு மதகுக் காவல். அதற்குப் பிறகு ஊரின் வாய்க்கால் அத்தனைக்கும் மேற்பார்வை. எந்த வளைவில் தண்ணீர் தயங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். அதனால்தான், பழைய ஆணையரான நாரை ஓய்வு பெற்றதும், நகர்மன்றம் அவளை அழைத்தது.

மன்றத் தலைவர் கஜபதி யானை சொன்னார்: “என்ன செய்வது என்று மன்றம் முடிவு செய்யும். அதைச் செய்து முடிப்பது உங்கள் வேலை. குடிதண்ணீர், குப்பை, பாதை, வடிகால் எல்லாம் இனி உங்கள் பொறுப்பு. சின்னச் சின்ன அனுமதிகளை நீங்களே கொடுத்துவிடலாம்.”

“ஆகட்டும், தலைவரே!” என்றாள் நீலவேணி.

முதல் ஆண்டு அருமையாகப் போயிற்று. எருமைகள் குளிக்கும் துறையையும் மான்கள் குடிக்கும் துறையையும் பிரித்துவைத்தாள். காகங்களைக் கொண்டு விடிந்ததும் குப்பை அள்ள வைத்தாள். ஊர் அவளைக் கொண்டாடியது. பறவைகள் அவள் பெயரைச் சேர்த்துப் பாட்டுக் கட்டின.

அந்தப் பாட்டுத்தான் அவளை மயக்கியது.

ஒரு நாள் மயூரநாதர் என்ற மயில் வந்தார். “ஆணையரே, பெரிய வடிகால் ஓரத்தில் எனக்கு ஓர் ஆடுமேடை வேண்டும். கொஞ்சம் இடம் போதும்!”

நீலவேணி தயங்கினாள். ஏரி நிரம்பினால் மிகுந்த தண்ணீர் வெளியேறுவது அந்த வடிகால் வழியாகத்தான்.

“உங்களைப் போல ஓர் ஆணையர் இந்த ஊருக்கு வாய்த்ததே இல்லை!” என்றார் மயில்.

“ஆகட்டும்!” என்றாள் அவள்.

அடுத்து கரியான் எருமை வந்தான். “அம்மா, அந்த வடிகாலில் இறங்கிப் படுக்க ஒரு மண்சரிவு போட்டுக்கொள்ளட்டுமா?”

“ஆகட்டும்!”

குரங்குகள் வந்தன. குறுக்கே தாவிப் போகக் கற்கள் போடவேண்டும் என்றன. அதற்கும் ஆகட்டும். யாரையும் முகம் வாட அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. யானை புரண்டு படுக்கும் அகலம் இருந்த வடிகால், முயல் தாண்டும் அகலத்துக்கு வந்துவிட்டது.

வெயில் சாய்ந்த பொழுதுகளில் நீலவேணி ஏரியில் மல்லாந்து மிதப்பாள். மரங்களிலிருந்து அவள் பெயர் பாட்டாக இறங்கிவரும். பூவிதழ்போல ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழும். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். தான் மிதப்பது தண்ணீரிலா, அந்தப் பாட்டிலா என்றே அவளுக்குத் தெரியாது.

அப்படி ஒரு பொழுதில், கரையில் துளசி என்ற தாய்முயல் வந்து நின்றாள்.

“அம்மா, எங்கள் வளைச்சுவர் கசிகிறது. வெயில் காலத்திலேயே இந்த ஈரம். மழை வந்தால் என்ன ஆகும்? ஒருமுறை வந்து பார்க்கிறீர்களா?”

“ஆகட்டும், பார்க்கிறேன்!” என்றாள் நீலவேணி, கண்ணைத் திறக்காமலே.

அவள் போய்ப் பார்க்கவில்லை.

ஆனியின் கடைசியில் மழை தொடங்கியது. இடி இல்லை, மின்னல் இல்லை. வெள்ளைத் திரைபோல, சத்தமே இல்லாமல், மூன்று நாள் பெய்தது. பாதைகளில் தண்ணீர் ஏறியது. மருதம்பூக்கள் கூட்டம் கூட்டமாக மிதந்து போயின. அலுவலகமாக இருந்த மருதமர வேரில் உட்கார்ந்து நீலவேணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘என் ஊர் எவ்வளவு அழகு!’ என்று நினைத்தாள்.

பூக்களுக்கு நடுவே வேறு ஏதோ ஒன்று மிதந்து வந்தது. காய்ந்த புல். அதில் ஒட்டிய மெல்லிய சாம்பல்நிற முடி. குட்டிகளுக்கு மெத்தையாகத் தாய்முயல் தன் மார்பிலிருந்து பிடுங்கி வைக்கும் முடி அது.

நீலவேணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியே தண்ணீரில் பாய்ந்தாள்.

பள்ளத்துத் தெருவே மூழ்கிக்கொண்டிருந்தது. துளசி ஒரு குட்டியைக் கவ்வி மேட்டில் போட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தாள்.

“பார்க்கிறேன் என்று சொன்னீர்களே அம்மா!” என்று கத்தினாள். “உள்ளே இன்னும் இரண்டு இருக்கிறதே!”

நீலவேணி வளைக்குள் முங்கினாள். ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு வந்தாள். மறுபடி முங்கினாள். இன்னொன்று. பக்கத்து வளையில் வேறு குட்டிகள் அலறின. அதற்கும் அடுத்த வளையிலும் அலறல். தண்ணீரோ ஏறிக்கொண்டே இருந்தது. இப்படி ஒவ்வொன்றாகத் தூக்கினால் முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

“மற்ற முயல்களைக் கூப்பிட்டுக் குட்டிகளை மேட்டுக்குக் கொண்டுபோங்கள்! நான் வடிகாலைத் திறக்கிறேன்!” என்று சொல்லிவிட்டு நீந்தினாள்.

ஆடுமேடையின் மேல் மயூரநாதர் நின்றார். “இதை உடைக்க விடமாட்டேன்! அனுமதி கொடுத்தது நீங்கள்தானே?”

“நான்தான். தப்பு என்னுடையதுதான். இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நகருங்கள்!”

“நாளைக்கு ஊரே உங்களைத் திட்டும்!”

“திட்டட்டும்!” என்றாள் நீலவேணி.

சத்தம் கேட்டுக் கஜபதி வந்தார். “மன்றத்தைக் கூட்டவா?”

“நீங்கள் கூடுவதற்குள் வளைகள் மூழ்கிவிடும், தலைவரே. முதலில் தள்ளுங்கள். பிறகு என்னை விசாரியுங்கள்!”

யானை அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு நெற்றியை மேடையில் வைத்து முட்டினார். மயில் பறந்து கிளையேறினார். கரியான் எருமை, யாரும் சொல்லாமலே, தலையைக் குனிந்துகொண்டு தன் மண்சரிவைக் கொம்பால் குத்திக் கலைத்தான். நீலவேணி தண்ணீருக்கடியில் போய்க் குரங்குகள் போட்ட கற்களை உருட்டித் தள்ளினாள். கடைசிக் கல் நகர்ந்ததும் தண்ணீர் ஒரு பெருமூச்சு விட்டுக் கிளம்பியது.

ஒரு குட்டியும் சாகவில்லை. ஆனால் பள்ளத்தில் ஒரு வளைகூட மிஞ்சவில்லை.

மழை விட்டதும் மன்றம் கூடியது. நீலவேணி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். துளசி வந்து கேட்டதையும், தான் கண்ணைத் திறக்காமல் பதில் சொன்னதையும்கூடச் சொன்னாள்.

“இவரை நீக்குங்கள்!” என்றார் மயூரநாதர்.

கஜபதி துளசியின் பக்கம் திரும்பினார். “பாதிக்கப்பட்டது நீங்கள். நீங்கள் சொல்லுங்கள்.”

“எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை,” என்றாள் துளசி. “ஆனால் வேறொருவர் வந்தால், அவருக்கும் பாட்டுப் பாட இங்கே ஆள் இருக்கிறது. இவராவது அந்தப் பாட்டு என்ன செய்யும் என்று பார்த்துவிட்டார். இருக்கட்டும். முதலில் எங்களுக்கு மேட்டில் வளை தோண்டிக் கொடுக்கச் சொல்லுங்கள்!”

வடிகால் ஓரம் இனி எந்த அனுமதியும் மன்றத்துக்கு வராமல் கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள். நீலவேணி ஆணையராகவே இருந்தாள். முயல்களோடு நின்று மேட்டில் அவளும் மண் தோண்டினாள். மனு கொண்டு வருகிறவர்களோடு இடத்துக்கே போய்ப் பார்த்தாள். முடியாததை முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். “ஆணையர் முன்பு போல இல்லை, ரொம்பக் கறார்!” என்று மரங்களில் பேசிக்கொண்டார்கள். அது காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. பாட்டு நின்றுபோன ஊரில், காலைப் பனிக்குள்ளே, தண்ணீர் தன் வழியில் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்க ஆசைப்படுகிறவர் கையில், எல்லோருடைய நலமும் பத்திரமாக இருக்காது.