இரண்டாவது பிரேக்

திண்டுக்கல்லில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கார் ஒன்றில் இரண்டு வாத்தியார்கள் இருந்தார்கள். இருவருக்கும் ஆகவே ஆகாது. ஒருவர், வண்டி பழகும் பெனிட்டாவின் செல்போன். இன்னொருவர், பக்கத்து சீட்டில் உட்காரும் பயிற்சியாளர் சரளாவின் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்.

செல்போனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பாடமெல்லாம் வீட்டிலேயே வீடியோவில் நடத்தி, ஆன்லைன் தேர்வில் பெனிட்டாவை முழு மதிப்பெண் வாங்க வைத்திருந்தது. மேட்டில் வண்டி எடுப்பதற்கு மட்டும் பன்னிரண்டு வீடியோ.

பெனிட்டாவும் நம்பிவிட்டாள். பார்வை மங்கிப்போன அப்பாவை ஞாயிற்றுக்கிழமை மதுரை கண் ஆஸ்பத்திரிக்குத் தன் வீட்டுக் காரிலேயே கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள். லைசென்ஸ் கைக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது; பயிற்சி இன்னும் முடியவில்லை.

அதைக் கேட்டதிலிருந்து பிரேக்குக்கு நிம்மதி இல்லை. ரயில்வே மேம்பாலத்தில் வண்டி பின்னால் உருளும்போதெல்லாம், பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்று சரளா சத்தமில்லாமல் அதை மிதித்துவிடுவாள். ஒருநாளும் சொன்னதில்லை. பாசம்தான், வேறென்ன. ஆனால் வீட்டுக் காரில் இரண்டாவது பிரேக் ஏது?

"அவளுக்கு எல்லாம் தெரியும்," என்றது செல்போன்.

"தெரியும். ஆனா அவ கால் இன்னும் என்னைத்தான் நம்பிட்டு இருக்கு," என்றது பிரேக்.

அன்று பாலம் ஏறும்போது பெனிட்டா மதுரைப் பயணத்தைச் சரளாவிடம் சொன்னாள். சரளா பாதி மேட்டில் நிறுத்தச் சொன்னாள். பின்னால் வண்டி ஏதும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கை மட்டும் ஹேண்ட் பிரேக் பக்கத்தில் இருந்தது.

"இப்ப எடு."

பெனிட்டா தன் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். கார் பின்னால் உருண்டது. பதறிப்போய்ச் சரளாவைப் பார்த்தாள். சரளா அசையவில்லை. பிரேக்குக்குத் தானே போய் அழுந்திவிட வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது.

பெனிட்டா ஹேண்ட் பிரேக்கைச் சட்டென்று இழுத்தாள். வண்டி நின்றது, என்ஜின் அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள், மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை கார் குலுங்கிக் குலுங்கி மேலே ஏறியது.

பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தியதும் பெனிட்டா அழுதுவிட்டாள்.

"அப்ப இத்தனை நாளா, அக்கா?"

"நான்தான் மிதிச்சேன்டா. முதல் நாளே சொல்லியிருக்கணும். என் தப்பு."

பெனிட்டா முகத்தைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தாள்.

"அப்பா, இந்த ஞாயிறு பஸ்ல போயிடுவோம்பா. எனக்கு இன்னும் மேடு சரியா வரல. அடுத்த மாசம் நான் கூட்டிட்டுப் போறேன்."

"சரிம்மா. எப்ப ஓட்டினாலும் உன் பக்கத்து சீட்டு எனக்குத்தான்."

இவ்வளவு நேரமும் இருவர் குரலையும் சுமந்த செல்போன், பெருமையெல்லாம் வடிந்து, மெதுவாகப் பிரேக்கிடம் கேட்டது: "இனி நாம என்ன பண்ணணும்?"

"நீ சொல்லிக்கொடுத்துட்டே இரு. அடுத்த மாசம் அவ அப்பா காலடியில நான் இருக்க மாட்டேன். அதுக்குள்ள இவ என்னை மறந்துடணும்."