சிரமத்துக்கு வருந்துகிறோம்

தணிகாசலத்துக்கு மூக்குக்கு மேல் கோபம். பால் பண்ணையின் மேலாளர் அவர். காலையில் போனில் அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தும் மனசு ஆறவில்லை. பகல் பந்தி நேரத்துக்கு மடத்துக்கே கிளம்பி வந்துவிட்டார்.

அந்த அன்னதான மடத்தை நடத்தும் சிவகாமி அம்மையாரிடம்தான் பதினைந்து வருடமாக அவர் நல்லது கெட்டது கேட்பது. காலையில் போன் செய்ததும் அவருக்குத்தான்; பகலில் நேரில் வருவதாகவும் சொல்லியிருந்தார்.

"புது பாக்கெட் மெஷின் வந்தாச்சு. பதினெட்டு பொம்பளைங்களுக்கு இனிமே வேலை இல்லை. நான் என்னம்மா பண்ணட்டும்?"

"மெஷினைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே."

"சட்டப்படி பலகையில அறிவிப்பு ஒட்டினேன். கீழே 'சிரமத்துக்கு வருந்துகிறோம்'னுகூட போட்டேன். அதோட விட்டேனா? நேத்து இலை போட்டு, பால் பாயசத்தோட விருந்து வச்சேன். ஒருத்திகூட உட்காரலை. அந்த வேதவல்லி, பாயசத்தை என் காலடியில கொட்டிட்டுப் போறா. எவ்வளவு திமிர்! ஒருத்திக்கும் அனுபவச் சான்றிதழ் தரப்போறதில்லை. வேற இடத்துல எப்படி வேலை கிடைக்குதுன்னு பார்க்கிறேன். நான் செய்யறது தப்பா?"

"முன்னாடி யாரும் உன்கிட்ட கேட்கலையா?"

"அதே வேதவல்லிதான் கேட்டா. மெஷின் வருதாமே சார்னு. உன் வேலையைப் பாருன்னுட்டேன். முன்னாடியே சொன்னா வேலை ஓடுமா?"

"சரி. முதல்ல சாப்பிடு."

அம்மையார் காட்டிய கிழக்குக் கோடி இலையில் உட்கார்ந்தார். அம்மையாரே பரிமாறினார். அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிட்டவர் தன் கையால் இலையை மடிக்கும்வரை வேறு எவர் கையும் அதில் படாது. வாசலில் நூறு பேர் காத்திருந்தாலும் சரி.

சாம்பார் சாதம் பாதி இறங்கியிருந்தது. பக்கத்து இலைகளுக்கெல்லாம் ரசம் வந்துவிட்டது.

"எனக்கு ரசம் வரலையேம்மா?"

"நீ சாப்பிடு."

அவர் அடுத்த கவளத்தை உருட்டினார். அம்மையார் குனிந்து, சாதத்தோடு இலையை இழுத்து மடித்து எடுத்துக்கொண்டார்.

பந்தியே திரும்பிப் பார்த்தது. தணிகாசலம் எழுந்துவிட்டார். ஐம்பது வயதுக்கு இப்படியோர் அவமானம் அவர் பட்டதில்லை.

"என்ன அநியாயம் இது? சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவன் இலையை எடுக்கிறதா?"

"வாசக்கதவுல ஒட்டியிருக்கே. பார்க்கலையா?"

எச்சில் கையோடு போய்ப் பார்த்தார். நோட்டுத்தாளில் அம்மையாரின் கையெழுத்து. 'இன்று பகல் பந்தியில் கிழக்குக் கோடி இலை பாதியில் எடுக்கப்படும். சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

அவர் அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு திரும்பினார்.

"எதிர்லயே நின்னு பரிமாறினீங்க. ரசம் எங்கேன்னு வாய்விட்டுக் கேட்டேன். அப்பவாவது என் மூஞ்சியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் இறங்கிவிட்டது. விரல்களில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

அம்மையார் ஒரு டம்ளரை நீட்டினார்.

"கோவிச்சுக்காதே. உனக்குன்னு பால் பாயசம் வச்சிருக்கேன். குடிச்சிட்டுப் போ."