ஆயிரம் நாள் பாடின காத்தாயி

ஒரு ஊர்ல ஒரு... ஊர்னு எப்படிச் சொல்றது அதை? நடுக்கடல்ல ஒரு மொட்டைப் பாறை கண்ணு. மரம் கிடையாது, கிணறு கிடையாது. இந்த முனைலேருந்து அந்த முனைக்கு நடந்தா, ஒரு வெத்தலையை மென்னு துப்புறதுக்குள்ள தீவு முடிஞ்சுடும்.

அதுக்கு வடக்க ஒரு நாடு, வடகரை. தெக்க ஒரு நாடு, தென்கரை. வடகரை ராஜா, "எங்க தாத்தா அந்தப் பாறைல வலை காயப்போட்டார், அது எங்களுது"ன்னான். தென்கரை ராஜா, "எங்க பாட்டன் அந்தப் பாறைல கப்பல் முட்டிச் செத்தார், அது எங்களுது"ன்னான். சண்டை. ஒரே சண்டை. அப்புறம் ஏழு நாட்டுப் பெரியவங்க கூடிப் பஞ்சாயத்து வச்சாங்க.

"ரெண்டு பேரும் ஆளுக்கு ஒருத்தரை அங்க அனுப்புங்க. தினம் விடியக்கால கொடி ஏத்தி, அவங்கவங்க நாட்டுப் பாட்டைப் பாடணும். ஆயிரம் நாள். நடுவுல ஒரு நாள் விட்டாலும் போச்சு, தீவு மத்தவங்களுக்கு"ன்னு தீர்ப்பு.

ம் கொட்டுறியா? கொட்டு.

அப்போ வடகரை ராஜா மந்திரிகிட்ட சொன்னான், "நல்ல தொண்டையா இருக்கணும். காணோம்னு தேடி வர ஒரு சொந்தமும் இருக்கக் கூடாது. அப்படி ஆளாப் பாரு." அப்படி ஆப்பட்டவதான் காத்தாயி. ஆத்துத்துறைல நின்னு, "அக்கரை போறவங்க வாங்கோ"ன்னு ஓடக்காரனுக்கு ஆள் கூப்பிடுறவ. புருஷன் போயாச்சு, புள்ளை இல்ல. அவ தோணி ஏறுறப்போ கரைல நின்னு கையாட்டக்கூட ஒரு ஆள் வரலை.

தென்கரைலேருந்து வந்தவன் பேரு சிங்காரு. உப்பளத்துல வேலை பாத்தவன். தீவுக்கு நடுவுல சுண்ணாம்பால ஒரு கோடு. அவ இந்தப் பக்கம் ஒரு குடிசைல, அவன் அந்தப் பக்கம் ஒரு குடிசைல. கோட்டைத் தாண்டக் கூடாது, ஒருத்தருக்கொருத்தர் பேசக் கூடாது. பேசினா துரோகம்.

அப்புறம் தினமும் இதுதான். விடியக்கால கடல் மேல பனி மூடியிருக்கும். சளக் சளக்குன்னு பஞ்சாயத்துப் படகு வரும். பனில அவங்களுக்கு ஆள் தெரியாது, உச்சில கொடி மட்டும் மங்கலாத் தெரியும்; பாட்டைக் காதால கேட்டுத்தான் கணக்கு. முதல்ல வடக்கு முனைல நின்னு காத்தாயி பாட்டைக் கேட்டுக் கரியால ஒரு கோடு போடும். அப்புறம் மெதுவா சுத்திவந்து தெற்கு முனைல சிங்காரு பாட்டைக் கேட்டு ஒரு கோடு போடும். போயிடும்.

வடகரைப் பாட்டுக்கு சொல்லே கிடையாது கண்ணு. அந்த நாட்டுல நாலு பாஷை. எந்தப் பாஷைல எழுதுறதுன்னு அடிதடி ஆகி, கடைசில சொல்லை எடுத்துட்டு மெட்டை மட்டும் வச்சுக்கிட்டாங்க. அதனால காத்தாயி "ஆ...ஆ... ம்ம்ம்..."னு ராகமா இழுப்பா. தென்கரைப் பாட்டோ பதினெட்டு அடி. எங்க மலை, எங்க ஆறு, எங்க யானைன்னு சிங்காரு அடுக்குவான். பாடி முடிச்சா பகல் பூரா சத்தமே இருக்காது. அலை மட்டும் டொம்... டொம்...னு பாறைல மோதும். மாசத்துக்கு ஒரு தோணி வந்து அரிசியும் தண்ணியும் இறக்கும். "ஊர்ல மழை உண்டா?"ன்னு காத்தாயி கேப்பா. தோணிக்காரன் பதில் சொல்லாம துடுப்பு போடுவான். அவனுக்கும் உத்தரவு. சில நாள் அவ தன் பேரைத் தானே கூப்பிட்டுப் பாப்பா. "ஏ காத்தாயி!" அப்புறம் அவளே, "என்னா?"ம்பா.

முதல் வருஷம் புயல். விர்ர்ருன்னு காத்து. அவ கொடி பிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் பறந்துடுச்சு. கொடி இல்லேன்னா நாளைக்கு ஆட்டம் முடிஞ்சுது. அப்போ சாயங்காலம் கோட்டுகிட்ட போய்ப் பாத்தா, கொடி மடிச்சு வச்சிருக்கு, பறக்காம இருக்க மேல ஒரு கல்லு.

ரெண்டாம் வருஷம் அவன் தண்ணிப் பீப்பாய் உருண்டு படார்னு உடைஞ்சுது. நாக்கு வறண்டு அவன் பாட்டு கீச்சு கீச்சுன்னு வந்தது. காத்தாயி கேட்டா. தன் தண்ணில பாதியை ஒரு பானைல ஊத்தி, கோட்டு மேல வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துட்டா.

தூங்கிட்டியா? ம்... சரி கேளு.

மூணாவது வருஷம், ஆயிரத்துக்குப் பன்னெண்டு நாள் பாக்கி. காத்தாயிக்குக் காய்ச்சல். உடம்பு கிடுகிடுன்னு ஆடுது, எந்திரிக்க முடியலை. வாயைத் திறந்தா காத்துதான் வருது. சளக் சளக்... படகு வர்ற சத்தம் கேக்குது. "போச்சு, எல்லாம் போச்சு"ன்னு கண்ணை மூடிக்கிட்டா.

அப்போ வெளிய, "ஆ...ஆ... ம்ம்ம்..."

அவ மெட்டு! யாரோ ஆம்பளை, பொம்பளை மாதிரி குரலைச் சன்னமாக்கி, அங்கங்க சுருதி தப்பி, ஆனா முழுசா. கொடிக்கயிறு சர்ருன்னு ஏறுற சத்தம். படகு நின்னுது, கேட்டுது, நகர்ந்துது. அப்புறம் தடதடன்னு ஒரு ஆள் தெற்க ஓடுற சத்தம். மூச்சு இரைக்க இரைக்க, எங்க மலை, எங்க ஆறு...

அப்படியே அஞ்சு நாள். ஆறாம் நாள் காத்தாயி சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு, தானே பாடினா.

ஆயிரம் நாள் முடிஞ்சுது. பஞ்சாயத்துல கரிக்கோட்டை எண்ணினாங்க. இந்தப் பக்கமும் ஆயிரம், அந்தப் பக்கமும் ஆயிரம். பெரியவங்க முழிச்சாங்க. ராஜாக்களுக்கோ அதுக்குள்ள வேற ஒரு மலை மேல ஆசை வந்துடுச்சு. "இந்த மொட்டைப் பாறை யாருக்கும் வேணாம். கொடியை இறக்கு"ன்னுட்டாங்க.

சேதி வந்த மத்தியானம் காத்தாயி ஒரு சட்டி கஞ்சியோட முதல் தடவையா கோட்டைத் தாண்டினா. ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்தாங்க. பேசவே கூச்சமா இருந்துச்சு. காத்தாயிதான் முதல்ல கேட்டா.

"நீ சும்மா இருந்திருந்தா தீவு உங்களுது. உனக்கு உங்க ராஜா என்னா தர்றேன்னான்?"

"வீடு. ரெண்டு ஏக்கர் நஞ்சை."

"அதை விட்டுட்டு ஏன்யா என் பாட்டைப் பாடினே?"

சிங்காரு கஞ்சியையே பாத்துக்கிட்டுச் சொன்னான். "அன்னிக்குக் காலைல உன் பக்கத்துலேருந்து சத்தமே வரலை. மூணு வருஷமா உன் பாட்டு முடிஞ்சாத்தான் எனக்கு நாள் ஆரம்பிக்கும். இந்தப் பாறைல நான் மட்டும்தான் இருக்கேன்னு நினைச்சுட்டேன். பயந்துட்டேன்."

காத்தாயி அவன் ஊர் பேரு என்னன்னு மட்டும் கேட்டா. "உப்புக்கோட்டை"ன்னான்.

சாயங்காலம் அவன் தோணி வந்து அவனைக் கூட்டிப் போயிடுச்சு. வடகரைத் தோணி மறந்தே போச்சு போல, மூணு நாள் வரலை. மூணு விடியல். கொடி இல்ல, படகு இல்ல, பாட்டு இல்ல. காத்தாயி எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துட்டு, தெற்க பாத்தா. அந்த ஆயிரம் நாள்ல இல்லாத தனிமை, அந்த மூணு நாள்ல இருந்துச்சு கண்ணு.

நாலாம் நாள் அந்தப் பக்கமா ஒரு கிழட்டு மீன்காரர் வந்தார். "ஏறும்மா. வடகரைதானே? உன்னை உங்க ஊர்ல விட்டுடறேன்."

காத்தாயி மூட்டையோட ஏறி உக்காந்தா. "வேணாம் பெரியவரே. தென்கரைக்கு விடுங்க. உப்புக்கோட்டைக்கு."

"அது அவங்க நாடாச்சேம்மா?"

"ஆமா. எங்க நாட்டுல எனக்கு யாரையும் தெரியாது. அங்க ஒருத்தரைத் தெரியும்."

மீன்காரர் அவ மூட்டையை வாங்கி உள்ள வச்சார். அப்புறம் தோணியைத் தெற்க திருப்பினார். சளக்... சளக்... சளக்...

தோணி போய்ச் சேந்துடும். கதை இத்தோட கரை ஒதுங்கிடுச்சு, நீயும் ஒருக்களிச்சுப் படுத்துத் தூங்கு.