அம்பைப் பிடித்துக்கொண்டு ஓணாம்பாறையார் காடு கடந்தது

மேற்கு மலையடிவாரத்தில் ஓணாம்பாறை என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களைப் போல நேர்மையானவர்களைப் பார்க்க முடியாது. ஒன்றைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். எழுத்துக்கு எழுத்து செய்வார்கள். அதனாலேயே பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களிடம் எதையும் சொல்லப் பயப்படுவார்கள்.

அந்தப் பக்கத்துக்கு வனச்சரகராக வந்த ரெஜினா மேடம் நாகர்கோவில்காரர். ஓணாம்பாறையைப் பற்றி அவரை யாரும் எச்சரிக்கவில்லை. எட்டு மாதம் வெயிலில் காய்ந்து, வெளியூர்க்காரர்கள் நடந்து பார்க்க ஒரு மலைப்பாதை போட்டிருந்தார். ஓணாம்பாறையில் தொடங்கிக் காட்டுக்குள் போய், ஏரிக்கரையைத் தொட்டு, ஆற்றைக் கடந்து, அக்கரையில் இருக்கும் வன விடுதியில் முடியும். வழியெல்லாம் மரத்தில் 'வனத்துறை' என்று எழுதிய மஞ்சள் அம்புக்குறிப் பலகை.

திறப்பு விழாவுக்கு முன்னால் மேலதிகாரி ஒரு நிபந்தனை போட்டார். காட்டுக்குள் கால் வைத்தே பழக்கமில்லாதவர்கள் துணைக்கு ஆள் இல்லாமல் நடந்து, மாலை நாலு மணிக்குள் விடுதிக்கு வந்து சேர வேண்டும். வராவிட்டால் பாதையை மூடிவிட வேண்டியதுதான்.

வழிகாட்டி வேலை கேட்டு ஓணாம்பாறையிலிருந்து நாலு பேர் மனு கொடுத்திருந்தார்கள். யோசிக்கிற பொறுப்பு கொம்பையாவுக்கு. தூக்குகிற பொறுப்பு ஆவுடைக்கு. மாசானம் சந்தேகம் கேட்பான். இசக்கி ஆமாம் போடுவான். நாலு பேரும் காட்டுக்குள் போனதே இல்லை. மேடத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

"நாலு மணிக்குள்ள வந்துட்டா உங்க நாலு பேருக்கும் வேலை, பச்சைத் தொப்பி, விசில்" என்றார் மேடம். "மஞ்சள் அம்பைப் பிடிச்சுக்கிட்டே போங்க. ஏரி வந்தா சுத்திப் போங்க. ஆறு வந்தா ஆழம் பார்த்து இறங்குங்க. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி, மலையைச் சுற்றிக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டார். காலை ஏழு மணி.

முதல் அம்பு ஒரு வேங்கை மரத்தில் இருந்தது. நாலு பேரும் ஆளுக்கு ஒரு மூலையாகப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தபடியே கால் மணி நேரம் நின்றார்கள்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம்" என்றான் மாசானம். "பிடிச்சா போக முடியலை. போனா பிடிக்க முடியலை. மேடம் ரெண்டையும்லா சேர்த்துச் சொன்னாவ?"

"மரத்தையும் கூட்டிட்டுப் போயிருவோமா?" என்று கேட்டான் ஆவுடை. அவன் மரத்தைக் கட்டிப்பிடித்து அசைத்தும் பார்த்துவிட்டான்.

கொம்பையா கண்ணை மூடி யோசித்தார். "மரத்தைப் பத்தி மேடம் ஒண்ணும் சொல்லலை. அம்பை மட்டும் எடு."

ஆவுடை ஒரே இழுப்பில் பலகையைப் பெயர்த்தான். நல்ல கனமான மலைவேம்புப் பலகை, ஆள் மார்பளவு அகலம். கொம்பையா அதை முன்னால் நீட்டிப் பிடித்து நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவர் முகம் மலர்ந்தது.

"என்ன அருமையான அம்பு! நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கத்தையே காட்டுது!"

"ஆமா அண்ணாச்சி" என்றான் இசக்கி.

நல்லவேளையாகப் பாதையின் இரண்டு பக்கமும் முள் அடர்ந்திருந்தது. இல்லாவிட்டால் அந்த அம்பு அவர்களைக் கேரளா வரைக்கும் கொண்டு போயிருக்கும். அடுத்த மரத்தில் இன்னொரு அம்பு வந்தது. அதையும் பிடித்துக்கொண்டார்கள். இசக்கிக்குக் கிடைத்த அம்பு இடப்பக்கம் காட்டியது. அதனால் அவன் பாவம் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து வந்தான். திருப்பிப் பிடிக்கலாமே என்று மாசானம் கேட்டதற்கு, "எழுத்து தலைகீழாப் போயிரும். படிச்சவங்க பார்த்தா சிரிப்பாவ" என்று சொல்லிவிட்டான்.

ஏரிக்கரைக்கு வந்தபோது ஆளுக்கு ஒரு அம்பும், ஆவுடையின் தோளில் கூடுதலாக மூன்றும் இருந்தன. பாதையில் ஒன்றுகூட மிச்சமில்லை.

"சுத்திப் போங்கன்னு சொன்னாவ" என்றார் கொம்பையா. "எத்தனை சுத்துன்னு சொல்லலையே."

"பிள்ளையாருன்னா ஒண்ணு" என்றான் ஆவுடை.

"நவக்கிரகம்னா ஒன்பது" என்றான் மாசானம்.

"ஏரியைப் பிள்ளையார்ல சேர்க்கிறதா, கிரகத்துல சேர்க்கிறதா?" கொம்பையா ஏரியை மேலும் கீழும் பார்த்தார். "நடுவுல நிப்போம். மூணு சுத்து."

ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம் ஆனது. ஏரிக்குள் பரிசலில் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்த அந்தோணி என்பவர், பலகையைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் மூன்றாம் தடவையாக வருவதைப் பார்த்துத் தூண்டிலைக் கீழே வைத்தார்.

"என்னவே தேடுதிய?"

"தேடலை. சுத்துதோம்."

"போதும்வே, ஏரிக்குத் தலை சுத்திரப் போவுது!" என்று சிரித்தார் அந்தோணி.

நாலு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். காற்றுக்குத் தண்ணீர் அலையடித்துக் கரையில் மோதிக்கொண்டிருந்தது.

"பாருங்கலே, தள்ளாடுது. அறியாம செஞ்சிட்டோம். சுத்தினதை அவிழ்த்து விட்டுருவோம்."

அவர்கள் எதிர்த்திசையில் மூன்று சுற்றுச் சுற்றினார்கள். மெதுவாக, ஏரிக்கு நோகாமல் நடந்தார்கள். முடித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைக்கையில் மாசானத்துக்கு அடுத்த சந்தேகம் வந்தது.

"அண்ணாச்சி, மூணு சுத்தி மூணு அவிழ்த்தா, நாம சுத்தவே இல்லைன்னுல்லா ஆவுது?"

கொம்பையாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை கையைவிட்டுப் போகிறது. ஆனால் ஏரியின் உடம்பையும் பார்க்க வேண்டும். கடைசியில், "அரைச் சுத்து மட்டும் சுத்துவோம். அது தாங்கிக்கிடும்" என்றார். அரைச் சுற்றில் அவர்கள் ஏரியின் மறுபக்கம் வந்து சேர்ந்தார்கள். பாதை அங்கேதான் இருந்தது.

ஆற்றங்கரைக்கு வந்தபோது மணி மூன்றாகிவிட்டது. தண்ணீர் முழங்கால் அளவு ஓடியது. அடியில் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. அக்கரையில் கொஞ்சம் கீழே தள்ளி விடுதியின் சிவப்பு ஓடுகூடத் தெரிந்தது.

ஆவுடை வேட்டியை மடித்துக் கட்டினான். மாசானம் அவன் கையைப் பிடித்து இழுத்தான்.

"ஆழம் பார்த்து இறங்கச் சொன்னாவ. இங்கன எங்கலே இருக்கு ஆழம்?"

குனிந்து பார்த்தார்கள். இல்லைதான். ஆழத்தைத் தேடி ஆற்றோரமாகவே மேலே நடந்தார்கள். கால் மைல் தாண்டி ஒரு மடு. தண்ணீர் கறுத்துக் கிடந்தது. ஆவுடை ஒரு நீள மூங்கிலை விட்டுப் பார்த்தான். மூங்கில் முழுக்கப் போயும் தரை தட்டவில்லை.

"கிடைச்சிருச்சு!" என்று துள்ளினான் இசக்கி.

நாலு பேருக்கும் நீச்சல் தெரியாது.

"இறங்கித்தான் ஆவணுமா அண்ணாச்சி?" என்று கேட்டான் இசக்கி. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் ஆமாம் போடவில்லை.

கொம்பையா தண்ணீரைப் பார்த்தார். பிறகு ஓணாம்பாறை இருந்த திசையைப் பார்த்தார். "நாம வரலைன்னா மேடத்தோட எட்டு மாசப் பாடு வீணாப் போயிரும்லே. அந்தப் பிள்ளை நம்மளை நம்பி நிக்குது. அம்பை மட்டும் விட்டுராதீங்க."

கண்ணை மூடிக்கொண்டு நாலு பேரும் குதித்தார்கள்.

மலைவேம்புப் பலகை எதைச் செய்யுமோ அதைச் செய்தது. மிதந்தது. பலகையை மார்போடு கட்டிப்பிடித்தபடி நாலு பேரும் ஆற்றோடு போனார்கள். வழியில் முழங்கால் அளவு ஆழம் இருந்த இடத்தையும் தாண்டினார்கள். காலை ஊன்றலாம் என்று யாரும் சொல்லாததால் ஊன்றவில்லை.

விடுதியின் படித்துறையில் ரெஜினா மேடம் கடிகாரத்தையும் காட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் மேலதிகாரி. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், மஞ்சள் அம்புகள் வரிசையாக மிதந்து வந்து படியில் முட்டின. ஒவ்வொரு அம்புக்கும் மேலே ஒரு தலை இருந்தது.

"அம்பைப் பிடிச்சுக்கிட்டே வந்துட்டோம் மேடம்" என்றார் கொம்பையா, பல் நடுங்க. "பிடிக்காம இருந்தா செத்திருப்போம். எப்படித்தான் முன்கூட்டியே தெரிஞ்சுதோ உங்களுக்கு!"

மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, "நேரத்துக்கு வந்துட்டாங்களே" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். மேடம் தனியாகப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததாகச் சமையல்காரர் பிறகு சொன்னார்.

பாதை திறந்தது. புது அம்புகளை இரும்புச் சட்டம் வைத்து மரத்தோடு முறுக்கினார்கள். நாலு பேருக்கும் தொப்பியும் விசிலும் கிடைத்தன. எதையும் செய்யச் சொல்லாமல் இருப்பதே நல்லது என்று மேடம், "பாதையில என்ன தடங்கல் இருக்குன்னு எழுதி மட்டும் குடுங்க" என்றார்.

மூன்று நாள் அளந்து எழுதிக் கொடுத்தார்கள். ஒரே ஒரு தடங்கல்தான். 'நாற்பதடி அகலத்துக்குப் பாதையை ஆறு ஆக்கிரமித்துள்ளது.'

மேடத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆக்கிரமிப்புன்னா முறைப்படி நோட்டீஸ் குடுக்கணுமே!" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டார்.

அன்று மாலையே ஆற்றங்கரைப் பாறையில் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். ஆற்றுக்குப் படிக்கத் தெரியுமோ என்னவோ என்று மாசானம் சந்தேகப்பட்டதால், கொம்பையா உரக்க வாசித்தும் காட்டினார்.

பங்குனி வெயில் கொளுத்திய வருஷம் அது. முப்பதாம் நாள் போய்ப் பார்த்தால் வெறும் மணல்தான் கிடந்தது.

"எவ்வளவு மரியாதை தெரிஞ்ச ஆறு!" கொம்பையாவுக்குக் கண் கலங்கியது. "ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம போயிருச்சே. எங்கன போய்க் கஷ்டப்படுதோ!"

ஆனி மாதம் சாரல் தொடங்கியது. வெளியூரிலிருந்து நடக்க வந்த பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நாலு பேரும் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். கரைக்குக் கரை தண்ணீர், நுரை பொங்க ஓடிக்கொண்டிருந்தது.

நாலு பேரும் கரையிலேயே நின்றுவிட்டார்கள்.

"காலி பண்ணின இடத்துக்கு எந்தத் தைரியத்துல அண்ணாச்சி திரும்பி வந்திருக்கு?" என்றான் மாசானம்.

கொம்பையா கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது அவர் முகத்தில் கலவரம் தெரிந்தது.

"கோர்ட்டுக்குப் போயிருக்குலே. ஸ்டே வாங்கிட்டு வந்திருக்கு."

"ஆமா அண்ணாச்சி. ஜெயிச்ச வேகம் தெரியுதுல்லா?" என்றான் இசக்கி.

கொம்பையா விசிலை எடுத்து நீளமாக ஊதினார். பின்னால் நின்ற பன்னிரண்டு பேரையும் கை காட்டி நிறுத்தினார்.

"தண்ணியில யாரும் கால் வைக்காதீங்க! கேஸ் நடக்குது!"